சத்தம் போடாத சைலன்சர்

இந்த வீட்டில் ஒரே ஒரு காரியத்தையாவது என் மனைவிக்குத் தெரியாமல் செய்து முடிப்பது என்று போன திங்கட்கிழமை தீர்மானம் போட்டேன். நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். இருபத்தாறு வருஷமாக அவளும் அப்படித்தான் சிரித்தாள். கடந்த ஒரு வருஷமாகத்தான் சிரிப்பதில்லை.

காரியம் இதுதான். மோட்டார் சைக்கிளுக்கு சைலன்சர் மாற்ற வேண்டும். சத்தமே வராததாகப் பார்த்து.

நான் நூலகர். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்தரை வரை "உஷ்" என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன். அப்படிப்பட்டவன் நாலு தெரு அதிர வண்டியில் வந்து இறங்கினால் எப்படி இருக்கும்? வாசகர்கள் முதலில் வண்டியைப் பார்ப்பார்கள். அப்புறம் என்னைப் பார்ப்பார்கள். அப்புறம் என் கையாலேயே எழுதி மாட்டிய 'அமைதி காக்கவும்' பலகையைப் பார்ப்பார்கள்.

வண்டி என்னுடையது இல்லை, என் மகனுடையது. மூன்று ஞாயிற்றுக்கிழமை கடை கடையாக ஏறி இறங்கி அந்த சைலன்சரைத் தேர்ந்தெடுத்தான். "பொண்ணு பார்க்கக்கூட இவ்வளவு அலைய மாட்டாங்கடா" என்று திட்டினேன். "இது சாவியைத் திருப்பினா சத்தம் நின்னுடும்ப்பா. பொண்ணு அப்படி நிக்குமா?" என்றான், அவன் அம்மா காதில் விழும்படியாக. திட்டு என்னவோ எனக்குத்தான் விழுந்தது.

போன வருஷம் பதினோரு நாள் காய்ச்சல். அவ்வளவுதான். பையன் போய்விட்டான். வண்டி சும்மா நின்றால் துருப்பிடிக்குமே என்று நான் ஓட்ட ஆரம்பித்தேன்.

அதில்தான் வினை வந்தது. சாயங்காலம் ஆறு மணிக்குத் தெருமுனையில் வண்டி திரும்பும். சத்தம் கேட்டதும் அவன் அம்மா கேட்டுக்கு ஓடி வந்துவிடுவாள், கையில் ஒரு ஈரத் துண்டோடு. பையன் எப்போதும் தூசியும் வியர்வையுமாக வருகிறவன். அவனுக்கும் இப்படித்தான் துண்டோடு நிற்பாள். ஆனால் இப்போது வருவது யார்? நான். ஹெல்மெட்டைக் கழற்றினால் வழுக்கைத் தலை. ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்ப்பாள். துண்டை நீட்டுவாள். "தூசி" என்று நான் துடைத்துக்கொள்வேன். சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விடுவாள். பெற்றவளைத் தினமும் ஒரு தடவை ஏமாற்றுவது என்ன பிழைப்பு, சொல்லுங்கள்.

அவளுக்கு நான் ஒன்றுமே செய்வதில்லை என்று நினைக்காதீர்கள். போன மாசம் அவள் தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டேன். மத்தியானமானால் அது கடகடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். லீவு நாளில் கண்ணயர முடியாது. ஒரு வருஷமாகத் தைக்கிறாள், ஒரு தலையணை உறை முடிந்தபாடில்லை. மெஷின் கோளாறாக்கும் என்று எண்ணெய் விட்டேன், சத்தமில்லாமல் வெண்ணெயாக ஓடியது. நன்றி சொல்வாள் என்று பார்த்தால் இரண்டு நாள் பேச்சே இல்லை. இவளுக்கு நல்லது செய்வதும் குற்றம்தான்.

சரி, திங்கட்கிழமை மத்தியானம் போன கடைக்கு வருவோம். சுவர் முழுக்க சைலன்சர் தொங்கியது. நெட்டை, குட்டை, இரட்டைக் குழாய். பையனுக்குப் பழக்கமான மெக்கானிக்தான்.

"சார், இதைப் பாருங்க. மாட்டினா பக்கத்து ஊருக்கே கேக்கும்."

"எனக்குப் பக்கத்து ரூமுக்கே கேக்கக் கூடாதுப்பா."

அவன் கடை வரலாற்றிலேயே இப்படிக் கேட்ட முதல் ஆள் நான்தான் போலிருக்கிறது. ஒன்றை மாட்டி முறுக்கிக் காட்டினான்.

"இன்னும் குறைவா?"

இன்னொன்றை மாட்டினான்.

"இன்னும்?"

"சார், இதுக்கு மேல குறைச்சா தள்ளிட்டுத்தான் போகணும்."

"இவ்வளவு சத்தம் போடுற சாமானுக்கு சைலன்சர்னு யாருப்பா பேர் வச்சது?"

"கல்யாணம் ஆனவனா இருப்பான் சார். ஆசையில வச்சிருப்பான். ஆமா, அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"எங்க வீட்டுல முடிவெடுக்கிறது யாருன்னு நினைச்சே?"

"அம்மா."

பயல் யோசிக்கக்கூட இல்லை.

கடைசியில் ஒரு சாதுவான குழாயை மாட்டினான். "பழசை எடைக்குப் போட்டுடவா சார்?" என்றான். "வேணாம்!" என்று கத்திவிட்டேன். நூலகர் கத்தியதைக் கேட்டு அவனே பயந்துபோனான். பழைய குழாயைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தான். அதில் இன்னும் சூடு இருந்தது. அது ஆறும் வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்குக் கொண்டுபோக முடியுமா? நூலகத்தில், கடைசி அலமாரியின் அடித்தட்டில், பழைய ஆண்டறிக்கைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அந்த அறிக்கைகளை எழுதினவர்களே படித்ததில்லை. அதைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் கிடையாது.

அன்று சாயங்காலம் தெருமுனையில் வண்டி திரும்பியது எனக்கே தெரியவில்லை. கேட்டில் ஆள் இல்லை. நானே திறந்துகொண்டு உள்ளே போனேன்.

"எப்ப வந்தீங்க?"

"இப்பதான்."

"சத்தமே கேக்கலையே?"

"வண்டிக்கு வயசாயிடுச்சு."

"வயசானா சத்தம் கூடத்தானே செய்யும்? உங்களைத்தான் பாக்கறேனே."

"மெக்கானிக் ஏதோ சரி பண்ணான்."

"ஓஹோ" என்றாள். அவ்வளவுதான்! விசாரணை இல்லை, குறுக்குக் கேள்வி இல்லை. ஜெயித்துவிட்டேன். கல்யாணமானதிலிருந்து முதல் வெற்றி.

மறுநாள் பக்கத்து வீட்டு ரிட்டயர்டு கண்டக்டர் வேலியோரம் வந்து நின்றார். பையன் இருந்தவரை அந்தச் சத்தத்துக்காக மாசம் ஒரு சண்டை போட்டவர்.

"என்ன சார், வண்டி ஓட்டறதில்லையா? அந்தச் சத்தத்தை வச்சுத்தான் நான் சாயங்கால மாத்திரை போடுவேன். நேத்து மறந்தே போச்சு."

"கடிகாரம் வாங்குங்க சார்."

"கடிகாரம் இருக்கு. பையன் ஞாபகம் வருமே, அதுக்குச் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இப்போது உங்களிடம் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். வெளியே விட்டுவிடாதீர்கள். ஒரு வருஷமாக நான் சாயங்காலம் அழுதுகொண்டுதான் வண்டி ஓட்டினேன். நூலகத்தில் அழ முடியாது. சத்தம் போடக் கூடாது. வீட்டில் அழ முடியாது. அவள் தாங்க மாட்டாள். ஹெல்மெட்டை மாட்டி, கண்ணாடியை இறக்கி, வண்டியை முறுக்கிவிட்டால் இருபது நிமிஷம் எனக்குச் சொந்தம். அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாலும் யாருக்கும் கேட்காது. வீடு வரும்போது நின்றுவிடும்.

புது சைலன்சரில் அது நடக்கவில்லை. புதன்கிழமை சிக்னலில் பக்கத்துக் காரிலிருந்து ஒரு குழந்தை, "அம்மா, அந்த அங்கிள் அழறார் பாரு" என்றது. வாயை இறுக்க மூடிக்கொண்டேன். அன்று ராத்திரியும் சாப்பாடு இறங்கவில்லை. மகனை இன்னொரு தடவை நானே வழியனுப்பி வைத்த மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை காலை, மானம் போனால் போகட்டும், பழசையே மாட்டிவிடுவோம் என்று அடித்தட்டில் கையை விட்டேன். அறிக்கைகள் இருந்தன. தூசி இருந்தது. சைலன்சர் இல்லை.

ஓடிப்போய்ப் புத்தகம் இரவல் தரும் ரெஜிஸ்டரைப் புரட்டினேன். ஏன் புரட்டினேன் என்று தெரியாது, தொழில் புத்தி. முந்தின நாள் பக்கத்தில், நான் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில், தெரிந்த கையெழுத்தில் ஒரு வரி. 'சைலன்சர், ஒன்று. எடுத்தவர்: நூலகர் மனைவி.' திருப்பித் தரும் தேதிக்கு நேரே ஒரு கோடு.

அரை நாள் லீவு போட்டு வீட்டுக்கு வந்தேன். தையல் மெஷின் மேல், செய்தித்தாள்கூடப் பிரிக்காமல், அது கிடந்தது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க கடையில நிக்கும்போதே மெக்கானிக் போன் பண்ணிட்டான், மாத்தலாமான்னு. அவர் இஷ்டப்படி விடுப்பான்னேன்."

"ஒளிச்சு வச்ச இடம்?"

"சிகரெட்டை எங்க ஒளிப்பீங்களோ, அங்கதானே? அது கிடக்கட்டும். கொண்டுபோய்ப் பழையபடி மாட்டிட்டு வாங்க."

"உனக்காகத்தான் மாத்தினேன்மா. சத்தம் கேட்டா அவன்னு நினைச்சு தினமும் ஓடி வர்றியே…"

என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவன் இல்லைன்னு எனக்குத் தெரியாதா? பெத்தவ நான். துண்டு உங்களுக்குத்தான் நனைச்சேன். கண்ணாடியை இறக்கின ஹெல்மெட்டுக்குள்ள தூசி எப்படிங்க வரும்? வாய்விட்டு அழுதுட்டு வர்றாரு, வரட்டும்னு ஒரு வார்த்தை கேக்காம இருந்தேன். ரெண்டு நாளா அழவும் இல்லை, சரியா சாப்பிடவும் இல்லை. அதான் போய் எடுத்துட்டு வந்தேன்."

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அப்புறம்தான் கேட்கத் தோன்றியது.

"நான் வண்டியில அழுதேன். நீ? நீ ஒரு நாள்கூட அழுது நான் பாக்கலையே?"

"மத்தியானம் முழுக்க மெஷினை மிதிச்சு மிதிச்சு எதுக்கு ஓட்டினேன்னு நினைச்சீங்க?" என்றாள். "அதுக்கும் போய் எண்ணெய் போட்டு வச்சீங்களே, மனுஷனா நீங்க?"