மாஸ்டரின் வலது கால்

"டாக்டர், இவரு வலது காலக் கட்டிப்போட எதாவது வழி இருக்கா?" என்று கேட்டார் டிரைவிங் மாஸ்டரின் மனைவி. "தூக்கத்துலகூட பிரேக் போடுறாரு. மிதி எனக்கு விழுது."

மனநல ஆலோசகருக்கு வாயெல்லாம் பல். கற்றுக்குட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, மாஸ்டரின் பயமெல்லாம் காலில் இறங்கியிருந்தது. இப்படி ஒரு நோயாளியைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார். முதல் நாள் அறிகுறிகளை வைத்தே, ஒருவர் எப்போது தேறுவார் என்று சொல்லும் முறையை அவர் கண்டுபிடித்திருந்தார். தூக்கம், பசி, படபடப்பு என்று கேள்வி மேல் கேள்வி கேட்டுக் கணக்குப் போட்டார்.

"ஆறாவது வாரம் இவர் கால் அசையாது," என்று மருத்துவமனையின் பெரிய டாக்டரம்மாவிடம் அடித்துச் சொன்னார்.

"அசைஞ்சா, உங்க ஆரூடத்த மூட்டை கட்டிடணும்," என்றார் டாக்டரம்மா.

பயந்த இடத்திலேயே மாஸ்டரை உட்கார வைத்துப் பழக்குவதுதான் சிகிச்சை. அதற்கு ஒரு கார் வேண்டும். ஆலோசகரிடம் ஒன்று இருந்தது. வாங்கிய நாளிலிருந்து உறை போர்த்தியே நின்றது. அவர் பஸ்ஸில்தான் வருவார். தானே ஓட்டினால் என்ன என்று நினைத்தார். அங்கேதான் வந்தது வினை.

முதல் திருப்பத்திலேயே மாஸ்டரின் கால் ஓங்கி மிதித்தது.

"இப்ப உங்க மனசுல என்ன ஓடுது?"

"அந்த சைக்கிள்காரர் பொழைக்க மாட்டாருன்னு ஓடுது."

"அதெல்லாம் வெறும் பிரமை," என்று தேற்றினார் ஆலோசகர். சைக்கிள்காரர் திட்டிவிட்டுப் போனது இருவர் காதிலும் விழுந்தது.

மறு தடவை சம்மணம் போட்டு உட்காரச் சொன்னார். கால் ஓய்ந்தது, கை பாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தது. கையைக் கட்டச் சொன்னார். வாய் திறந்துகொண்டது.

"கிளச்ச மெதுவா விடுங்க. கண்ணாடியப் பாருங்க. முதல்ல மூச்சு விடுங்க, டாக்டர்."

காலில் இருந்த நோய் தலை வரை ஏறிவிட்டதே என்று ஆலோசகர் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார். வாரம் ஒருமுறை போதாதென்று தினமும் கூட்டிப் போனார். மாஸ்டர் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. இன்றைக்குக் கடைத்தெரு, நாளைக்கு மேம்பாலம் என்று வழியும் அவரே சொன்னார்.

ஆறாவது வாரம், மேம்பாலத்து நெரிசலில் ஆலோசகர் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். மாஸ்டர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கால் அசையவே இல்லை.

ஆலோசகருக்குத் தலைகால் புரியவில்லை. விசிலடித்துக்கொண்டே திரும்பி வந்து, மருத்துவமனை வாசலில் இரண்டு வண்டிகளுக்கு நடுவே ஒரே மூச்சில் பின்னுக்கு எடுத்து நிறுத்தினார். பெரிய டாக்டரம்மா வந்து, தூங்கும் மாஸ்டரின் காலை உற்றுப் பார்த்தார்.

"ஒத்துக்கறேன். நீங்க சொன்னது பலிச்சிருச்சு," என்று கை கொடுத்தார்.

கணவரைக் கூட்டிப் போக வந்து நின்ற மாஸ்டரின் மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"பலிச்சது எங்க வீட்டுக்காரர் சொன்னதும்மா. இவருக்கு ரெண்டாவது வாரமே சரியாப் போச்சு, மத்தவங்க ஓட்டினா கால் அசையறதே இல்ல. டாக்டர் ஸ்டியரிங்கப் புடிச்ச புடியப் பாத்து முதல் நாளே இவரு எங்கிட்ட சொல்லிட்டாரு: 'பாவம், இந்த மனுஷனுக்கு பயம் தெளிய ஆறு வாரம் ஆகும், அதுவரைக்கும் நான் நடுவுல விட்டுட்டு வரக்கூடாது'ன்னு."