ஆள்காட்டிக் குருவி விருப்பப் பாடம் எடுத்த கதை

ஒரு காட்டில் ஒரு மேல்நிலைப் பள்ளி இருந்தது. காட்டில் ஏது பள்ளி என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இதைவிட நம்ப முடியாத சங்கதியெல்லாம் இனிமேல்தான் வரப்போகிறது.

அந்தப் பள்ளியில் பதினோராம் வகுப்புக்கு வந்தால் ஆளுக்கொரு விருப்பப் பாடம் எடுக்க வேண்டும். ஒன்று ஆங்கிலம், இல்லாவிட்டால் இதழியல். விருப்பம் என்பது பெற்றோருடையது என்பதால் எல்லாரும் ஆங்கிலத்துக்கே முண்டியடித்தார்கள். ஆங்கிலம் தெரிந்தால் டவுன் மிருகக்காட்சி சாலையில் வேலை நிச்சயம். மூன்று வேளை சாப்பாடு, இருக்க இடம், வாசலுக்குப் பூட்டுகூட அவர்களே போட்டுத் தந்துவிடுவார்கள்.

சுலோச்சனா மட்டும் இதழியல் எடுத்தாள். அவள் ஆள்காட்டிக் குருவி. புதரில் யாராவது பதுங்கினால் கத்தி ஊரைக் கூட்டுவது அவள் பரம்பரைப் புத்தி.

"அடியே, நம்ம வாய்க்கு ஏற்கெனவே காடு பூரா விரோதி. இதுல சர்டிபிகேட் வேறயா?" என்றாள் அம்மா.

"இப்ப சும்மா கத்தறோம்மா. படிச்சுட்டுக் கத்தினா மரியாதை."

இதழியல் வாத்தியார் ஒரு பச்சோந்தி. முதல் நாள் இலை மேல் உட்கார்ந்துகொண்டு பச்சையாகவே பேசினார். "நடந்ததை நடந்தபடி எழுதறதுதான் செய்தி. பயம்ங்கிறதே இருக்கக் கூடாது." சுலோச்சனாவுக்கு உடம்பெல்லாம் சிறகு சிலிர்த்தது.

மறு வாரமே செய்தி கிடைத்தது. ஆறாம் வகுப்பு மான்குட்டி துரைக்கண்ணு பள்ளிக் குளத்தில் தண்ணீர் குடிக்கக் குனிந்தது. மகரராஜன் என்கிற முதலை அதைக் கவ்விக்கொண்டு உள்ளே போனது. கரையில் இருந்த சுலோச்சனா கண்ணால் பார்த்தாள். தொண்டை கிழியக் கத்தினாள். இடைவேளை என்பதால் எல்லாரும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

வகுப்புக்கு வந்து, 'பள்ளிக் குளத்தில் மான்குட்டியை மகரராஜன் விழுங்கினார்' என்று எழுதி வாத்தியாரிடம் நீட்டினாள். பச்சோந்தி படித்ததும் மஞ்சளாகி, பிறகு சாம்பலாகி, கடைசியில் சுவர் எது வாத்தியார் எது என்றே தெரியாமல் போனார்.

"சார், நடந்ததை நடந்தபடிதானே எழுதியிருக்கேன்?"

"அதாம்மா தப்பு" என்றது சுவர்.

இரண்டு நாளில் விவகாரம் தலைமையாசிரியர் கரடியிடம் போனது. "ஏம்மா, மகரராஜன் ஐயா நம்ம பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். சுற்றுச்சுவர் யார் கட்டினது? அவர். குழந்தைங்க குளத்தைத் தாண்டி வேற எங்கயும் ஓடிடக் கூடாதுன்னு எவ்வளவு அக்கறை! நேத்து இரங்கல் கூட்டத்துல அவர் அழுதாரே, அந்த மாதிரிக் கண்ணீர் வேற யாருக்கு வரும்?"

"அதுக்கில்லை சார், நான் என் கண்ணால..."

"ஆங்கிலத்துக்கு மாறிக்கோ. இல்லைன்னா டிசி வாங்கிக்கோ."

சுலோச்சனா மாறிக்கொண்டாள்.

ஆங்கிலத்துக்கு மைனா மிஸ். டவுனில் ஒரு வீட்டுக் கூண்டில் நாலு வருஷம் இருந்து மொழியைக் கரைத்துக் குடித்தவர். அன்றைக்குப் பாடம் செயப்பாட்டு வினை. "தின்றவர் எழுவாய். அவரை முன்னால் நிறுத்தி எழுதுவது நாகரிகமில்லை. 'மான் தின்னப்பட்டது' என்று எழுதிப் பாருங்கள், எவ்வளவு அடக்கமாக இருக்கிறது! தின்றவர் பெயரைக் கடைசியில் போடலாம். போடாமலும் விடலாம். விட்டால்தான் முழு மதிப்பெண்."

சுலோச்சனாவுக்குக் கண் திறந்தது. அதே செய்தியை ஆங்கிலத்தில் திருப்பி எழுதினாள். 'பள்ளிக் குளத்தில் ஒரு மாணவர் உட்கொள்ளப்பட்டார். தக்க நடவடிக்கைகள் எடுக்கப்பட்டு வருகின்றன.' இப்போது பச்சோந்தி மறுபடி பச்சையாகி அதைப் பள்ளி இதழின் முதல் பக்கத்தில் போட்டார். மகரராஜன் படித்துவிட்டு, "பொண்ணுக்கு நல்ல நடை" என்று வாயாரப் பாராட்டினார். அவர் வாய் பெரிது.

ஆண்டு விழாவில், குளக்கரையில், சிறந்த இளம் நிருபர் விருது சுலோச்சனாவுக்கு. வாங்கிக்கொண்டு இறங்கும்போது ஒரு பெண்மான் வழி மறித்தது. துரைக்கண்ணுவின் தாய் செண்பகம்.

"கண்ணு, நீ நேர்ல பார்த்தியாமே. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. என் புள்ளைக்கு என்னம்மா ஆச்சு?"

சுலோச்சனாவின் தொண்டையில் அந்தப் பழைய கத்தல் எழும்பி வந்தது. மேடையில் மைனா மிஸ் லேசாக இருமினார். தண்ணீரில் இரண்டு கண்கள் அன்போடு இவளையே பார்த்தன.

"உட்கொள்ளப்பட்டாரும்மா" என்றாள் சுலோச்சனா.

"யாரு?"

"அது வாக்கியத்துல வராதும்மா."

செண்பகத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் இவ்வளவு பெரிய வார்த்தை சொல்கிறார்கள், விருதெல்லாம் கொடுக்கிறார்கள். மகன் ஏதோ நல்ல இடத்தில் இருக்கிறான் என்று மனசைத் தேற்றிக்கொண்டது. அடுத்த ஆண்டு இளைய குட்டியையும் அதே பள்ளியில் சேர்த்தது. முதல் நாளே குட்டிக்குத் தாகம் எடுத்தது.

அந்தச் செய்தியையும் சுலோச்சனாதான் எழுதினாள். இந்த முறை ஒரு திருத்தம்கூட வரவில்லை. ஆங்கிலத்தில் அவள்தான் மாவட்டத்திலேயே முதல்.

நீதி: எழுவாயை விழுங்கக் கற்றவரை எந்த முதலையும் விழுங்காது.