பெண் பார்த்த பிறகு துவக்குப் பார்த்த கதை

நான் அதிகம் பேசமாட்டேன். அதை வைத்து என்னை அடக்கமானவன், தங்கமானவன் என்று சொல்கிறவர்கள் உண்டு. இந்த வயதில் உண்மையைச் சொல்லிவிடலாம். பேசாமல் இருக்கும் நேரமெல்லாம் நான் எதிரில் இருப்பவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பேன். பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால்கூட, அந்த சீட்டில் ஈரம் இருக்குமோ என்று தடவிப் பார்த்துத்தான் உட்காருவேன். (பெரும்பாலும் ஈரம் இருக்காது. எழுந்தவர் அடுத்த தரிப்பில் இறங்குகிறவராக இருப்பார்.)

இப்படிப்பட்டவனுக்கு முப்பத்தாறு வயது வரை கல்யாணம் ஆகாததில் அதிசயம் இல்லை. அப்போது கண்டி நகரத்தில் ஒரு புடவைக் கடையில் துணி அளந்து கிழித்துக்கொண்டிருந்தேன். பெண் வீட்டார் நன்றாகச் சிரித்துப் பேசினால் எதையோ மறைக்கிறார்கள் என்பேன். சிரிக்காவிட்டால் திமிர் என்பேன். தரகர் என் பெயரைக் கேட்டாலே பெருமூச்சு விடும் நிலைக்கு வந்திருந்தார்.

கடைசியாக வந்தது கட்டுகஸ்தோட்டை வசந்தியின் சம்பந்தம். பெண் பார்க்கப் போன அன்று அவள் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். நான் வழக்கம் போலக் கோப்பையை மெதுவாக முகர்ந்து பார்த்தேன். அதைக் கண்டுகொண்டவள், "சீனி மட்டுந்தான் போட்டிருக்கு" என்றாள். அந்த இடத்திலேயே எனக்குப் பிடித்துவிட்டது. தரகர் முதலில் தந்திருந்த அவளுடைய படத்தைத் திருப்பிக் கேட்டபோது தொலைந்துவிட்டது என்று பொய் சொல்லி, சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

வசந்திக்கு அப்பா இல்லை. எல்லாவற்றையும் முடிவு செய்கிறவர் அவளுடைய அண்ணன் லோகநாதன். வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருந்தார். பன்வில பக்கம் மிளகும் கோப்பியும் போட்ட கொஞ்சம் காணி இருந்தது. காட்டுப்பன்றித் தொல்லைக்காக லைசன்ஸோடு ஒரு ரைபிளும் இருந்தது. ஒருநாள் அவர் எங்கள் புடவைக் கடைக்கு போன் எடுத்தார்.

"தம்பி, ஞாயித்துக்கிழமை சும்மாதானே இருப்பீங்க? நான் ரேஞ்சுக்குப் போறேன். நீங்களும் வாங்க. நாலு வெடி வச்சுப் பார்த்துட்டு, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போகலாம்."

ரேஞ்ச் என்றால் குறி பார்த்துச் சுடும் இடம் என்பது எனக்குத் தெரியாது. என்னோடு வேலை செய்த செல்வம்தான் விளக்கினான். விளக்கியதோடு விட்டிருக்கலாம்.

"பொண்ணு குடுக்கிறவன் கோயிலுக்குக் கூப்பிடுவான், சாப்பாட்டுக்குக் கூப்பிடுவான். துவக்கு இருக்கிற எடத்துக்கு எதுக்குடா கூப்பிடுறான்?"

அன்றிரவு நான் தூங்கவில்லை. அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னைவிடச் சந்தேகக்காரி. விடிந்ததும் கோயிலுக்குப் போய், குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் ஒன்றைக் கொண்டுவந்து என் காற்சட்டைப் பையில் திணித்தாள்.

"துவக்கு உன் பக்கம் திரும்பாது. ஆனா வெளிய எடுக்காத. எடுத்தா வேலை செய்யாது."

மழைக்குத் தன்னுடைய குடையையும் கொடுத்தாள். வெளியே சிவப்புப் பூ, உள்ளே வெள்ளை, வளைந்த கைப்பிடி. முதலாளி வீட்டு அம்மாக்கள் பிடிக்கும் குடை. வேண்டாம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

வேனில் போகும்போது லோகநாதன் என் மடியில் ஒரு மரப்பெட்டியை வைத்தார். "தோட்டா. பயப்படாம பிடிங்க" என்றார். நான் அதைப் பச்சைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டேன். கடையில் வாங்கும் தோட்டா அவருடைய ரைபிளுக்கு ஒத்துவரவில்லையாம். அதனால் சுட்டு முடிந்த வெற்றுப் பித்தளைக் கோதுகளில் வெடிமருந்தும் ஈயச் சன்னமும் தானே நிரப்புகிறாராம். அவர் சேர்ந்திருக்கும் துவக்குச் சங்கத்துக்கு அதற்கு அனுமதி இருக்கிறதாம். மும்மூன்றாகப் பிரித்து, ஒரு மூன்றுக்கும் அடுத்த மூன்றுக்கும் மருந்தில் ஒரு துளி வித்தியாசம் வைத்திருந்தார். எந்த மூன்று ஓட்டைகள் குறிக் கடதாசியில் நெருங்கி விழுகின்றனவோ, அந்த அளவுதான் சரி.

"அப்ப இன்னைக்கு நடக்கிறது சோதனை" என்றேன்.

"சோதனையேதான்" என்று சொல்லி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ரேஞ்ச் இரண்டு மலைகளுக்கு நடுவில் இருந்தது. ஒரு பக்கம் மேசைகள், எதிரே தூரத்தில் மண் திட்டு. வாசலில் ஓய்வு பெற்ற சிங்கள சார்ஜன்ட் ஒருவர் பெட்டியைத் திறந்து தோட்டாக்களை எண்ணினார். உள்ளே போகும் ஒவ்வொரு தோட்டாவும் திரும்பி வர வேண்டும், தோட்டாவாகவோ வெற்றுக் கோதாகவோ. குறைந்தால் அவருக்கும் கஷ்டம், கொண்டுவந்தவருடைய லைசன்ஸுக்கும் கஷ்டம். முன்பு யாரோ ஞாபகத்துக்கென்று ஒரு கோதை எடுத்துக்கொண்டு போய், அது பஸ்ஸில் சோதனையில் பிடிபட்டு, பொலிஸ் வரை போயிருந்ததாம். அதைச் சொல்லும்போது சார்ஜன்ட் என்னையே பார்த்தார். (எல்லோரும் என்னையே பார்ப்பதாக எனக்குத் தோன்றுவது வழக்கம். ஆனால் அவர் உண்மையிலேயே பார்த்தார்.)

லோகநாதன் மேசையில் மணல்மூட்டை மேல் ரைபிளை வைத்தார். தனக்கு வலப்பக்கம் ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டு என்னை உட்கார வைத்தார். நடுவில் தரையில், உடுத்திப் பழசான ஒரு சாரத்தை விரித்தார். சுட்டதும் ரைபிளின் கைப்பிடியை இழுப்பார், வெற்றுக் கோது தெறித்து அந்தச் சாரத்தில் விழும். அதைப் பொறுக்கிப் பெட்டிக்குள் வைப்பதுதான் எனக்குக் கொடுத்த ஒரே வேலை. நனைந்த குடையை மேசை ஓரத்தில் கொளுவி, காயட்டும் என்று பட்டியைக் கழற்றிவிட்டேன்.

காதை மூடும் கருவியையும் மாட்டிவிட்டார். பிறகு கேள்விகள் ஆரம்பித்தன. நான் ஒரு பக்கக் காதைத் திறந்து கேட்பேன், பதில் சொல்வேன், மூடுவேன். உடனே வெடி வைப்பார்.

"தம்பி குடிக்கிறதுண்டா?"

"இல்லிங்க."

வெடித்தது.

"சீட்டு விளையாட்டு?"

"தெரியாதுங்க."

வெடித்தது.

"சிகரெட்?"

"இல்லிங்க."

வெடித்தது. தூரக்கண்ணாடியில் நீண்ட நேரம் பார்த்தார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"இது சரியில்லயே."

"ஒண்ணே ஒண்ணுதாங்க" என்றேன். "நேத்து. செல்வம் குடுத்தான். பயத்துல பத்திட்டேன்."

"என்னது?"

"சிகரெட்டுங்க."

"நான் மருந்தைச் சொன்னேன் தம்பி."

அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. கடைசி மூன்று தோட்டாவிலும் மருந்து கூடுதல், சத்தம் நெஞ்சில் இடித்தது. நான் கண்ணை இறுக மூடி, கருவிக்கு மேலே கையையும் பொத்திக்கொண்டு, பையில் இருந்த எலுமிச்சம்பழத்தை மனதால் பிடித்துக்கொண்டிருந்தேன். எது எங்கே விழுந்தது என்று பார்க்கவில்லை.

முடிந்ததும் அவர் பெட்டியைப் பார்த்தார். ஒரு குழி வெறுமையாக இருந்தது.

"தம்பி, ஒரு கோது கொறையுது."

சாரத்தை உதறினோம். மேசைக்கடியில் பார்த்தோம். புல்லை விலக்கி விலக்கித் தேடினோம். சார்ஜன்ட் வந்து சேர்ந்துகொண்டார். மழையும் வந்து சேர்ந்துகொண்டது. என்னிடம் குடை இருந்தது. ஆனால் இரண்டு பெரிய மனிதர்கள் நனைந்துகொண்டு தேடும்போது நான் மட்டும் பூப்போட்ட குடைக்குக் கீழே நிற்பது மரியாதையா? விரிக்காமல், பட்டியைக் கட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நானும் நனைந்தேன். என் வாழ்க்கையில் மரியாதை பார்த்து இவ்வளவு கெட்ட நாள் வேறில்லை.

"மல்லி, பொட்டக் இன்ன" என்றார் சார்ஜன்ட், கொஞ்சம் நில் என்று கையைக் காட்டி. "சும்மா பாக்கிறது. பொக்கெட்."

முதலில் வந்தது சீப்பு. அடுத்து எலுமிச்சம்பழம். ஈரத்தில் குங்குமம் கரைந்து என் கை முழுக்கச் சிவப்பு.

"மேக்க மொக்கத?" என்று சார்ஜன்ட் ஓரடி பின்வாங்கினார்.

லோகநாதனுக்கு அது என்ன என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. அவர் முகம் மாறியது. "குங்குமம் தடவின எலுமிச்சம்பழம். என் பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு. அதான் அந்த மூணு வெடியும் தாறுமாறாப் போச்சு."

"செய்வினை இல்லிங்க. அம்மா குடுத்தாங்க."

"எதுக்கு?"

"நீங்க என்னைச் சுடாம இருக்கத்தாங்க."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அடுத்துச் சட்டைப் பையிலிருந்து வசந்தியின் படம் வந்தது. அவர் அதை வாங்கி, மழைத்துளியைத் துடைத்துவிட்டுக் கேட்டார்:

"இது தொலைஞ்சு போச்சுன்னு தரகர் சொன்னாரே?"

ஒளிக்கிறவன், பொய் சொல்கிறவன், மந்திரம் வைக்கிறவன். மூன்றும் ஒரே இடத்தில் நிரூபணமாகிவிட்டன. கோது கிடைக்கும் வரை ரைபிளை ரேஞ்சிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார் சார்ஜன்ட். எலுமிச்சம்பழத்தையும் வைத்துக்கொண்டார்.

வேனில் லோகநாதன் ஒரே ஒரு வசனம்தான் பேசினார். "கதவைச் சாத்துங்க." "தம்பி" என்ற சொல் போய்விட்டது. வழியிலேயே இறக்கிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். ஆனால் வசந்தியின் அம்மா விடியற்காலையிலிருந்து சமைத்திருந்தார்களாம். சமைத்ததற்காக என்னை வீட்டுக்குக் கூட்டிப் போனார்.

அந்தச் சாப்பாட்டைப் போல ஒரு சாப்பாடு நான் சாப்பிட்டதில்லை. கோழிக்கறி, பருப்பு, பொரியல், ரசம். லோகநாதன் அம்மாவிடம் உள்ளே போய் மெதுவாக எல்லாவற்றையும் சொன்னது மட்டும் கேட்டது. அதில் "வேற எடம் பார்ப்போம்" என்பது நன்றாகவே கேட்டது. வசந்தி சோறு போட வந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எடுத்தீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லிங்க."

"சரி" என்று சொல்லிக் கறி ஊற்றினாள். நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை. நானாக இருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

விடைபெற்று வாசல் படிக்கு வந்தேன். மழை பலமாக இருந்தது. இனி யாருக்கும் மரியாதை பார்க்க ஒன்றுமில்லை. குடையை நிமிர்த்தி, தலைக்கு மேலே பிடித்து விரித்தேன்.

ஏதோ ஒன்று என் உச்சந்தலையில் கொட்டி, படியில் விழுந்து, சிமெந்துத் தரையில் உருண்டு போய், லோகநாதனின் காலடியில் நின்றது. வெற்றுக் கோது.

"குடைக்குள்ளதான் ஒளிச்சிருந்திருக்காரு" என்றார் அவர்.

நான் ஓடிவிடத்தான் பார்த்தேன். குடையின் ஒரு பக்கக் கம்பியை வசந்தி பிடித்துக்கொண்டாள். உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, இங்க வாங்க. வெள்ளையில கருப்பாக் கோடு விழுந்திருக்கு. மேலருந்து அடி வரைக்கும் வழுக்கிப் போயிருக்கு. களவெடுத்தவரு தொடைச்சுட்டு வச்சிருக்க மாட்டாரா? அதோட, களவெடுத்தவரு நம்ம வாசல்லயே விரிப்பாரா?"

"விரிச்சாலும் விரிப்பாரு. இவரைப் பத்தி ஒண்ணும் சொல்ல ஏலாது."

ஆனால் அவர் எதையும் சோதிக்காமல் நம்புகிறவரும் இல்லை, சோதிக்காமல் விடுகிறவரும் இல்லை. சாப்பாட்டு மேசையைத் துடைக்கச் சொன்னார். அதன் ஓரத்தில் குடையைக் கொளுவி, பட்டியைக் கழற்றினார். வலப்பக்கம் என்னைக் கதிரையில் உட்கார வைத்தார். "அங்க எப்படி இருந்தீங்களோ அப்படியே இருங்க" என்றார். நான் கண்ணை மூடிக் காதைப் பொத்திக்கொண்டேன். இல்லாத ரைபிளின் கைப்பிடியை இழுப்பதாக நினைத்து, கோதை விரலால் தெறிக்கவிட்டார். முதலில் என் காதில் பட்டது. அடுத்து ரசச் சட்டிக்குள் விழுந்தது. அதற்கடுத்தது நேராகக் குடையின் வாய்க்குள் போய், சத்தமே இல்லாமல் ஈரத் துணிக்குள் மறைந்தது.

முதலில் சிரித்தது வசந்தியின் அம்மா. கையில் சோற்றுக் கரண்டியோடு சுவரில் சாய்ந்து சிரித்தார்கள். பிறகு வசந்தி. கடைசியாகத்தான் லோகநாதன்.

"எழும்புங்க மாப்பிள்ளை" என்றார். "ரைபிளை எடுத்துட்டு வருவோம். குடையையும் எடுங்க, சார்ஜன்டுக்குச் சாட்சி வேணும்."

சார்ஜன்ட் தன் கொட்டிலுக்குள்ளேயே குடையை விரித்து, கறுப்புக் கோட்டை விரலால் தடவிப் பார்த்து, ரைபிளைத் திருப்பிக் கொடுத்தார். எலுமிச்சம்பழத்தைக் கேட்டேன். அதை வெட்டிப் பிளேன்டீயில் பிழிந்து குடித்திருந்தார். (அம்மாவிடம் அது துவக்கு வாய்க்குள்ளேயே போய்விட்டது என்று சொன்னேன். அம்மாவுக்கு அதில் பெருமை.)

இதெல்லாம் நடந்து பத்துப் பன்னிரண்டு வருடங்கள் ஆகின்றன. இன்றும் மழைநாளில் நான் அந்த வீட்டு வாசலுக்கு வந்தால், உள்ளேயிருந்து யாராவது ஒருவர், "குடையை அங்கேயே உதறிட்டு வாங்க" என்பார்கள். என் மனைவி வசந்தி என்றால், உதறிய பிறகு உள்ளேயும் எட்டிப் பார்ப்பாள்.

போன மாதம் லோகநாதன் மச்சானின் மகளைப் பெண் பார்க்க ஒரு பையன் வந்தான். கூச்ச சுபாவம். மழை. கையில் குடை. மச்சான் படியிறங்கிப் போய் அதை வாங்கி, முற்றத்தில் விரித்து, இரண்டு தரம் உதறி, உள்ளே உற்றுப் பார்த்துவிட்டு, "வாங்க தம்பி, ஞாயித்துக்கிழமை சும்மாதானே இருப்பீங்க?" என்றார். பையன் திகைத்துப் போய் என்னைப் பார்த்தான். தேத்தண்ணியை வாங்கியவன், யாரும் பார்க்காத மாதிரி முகர்ந்தும் பார்த்தான்.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"சீனி மட்டுந்தான் போட்டிருக்கு" என்றேன். "ஞாயித்துக்கிழமை வாங்க. ஆனா குடையும் வேணாம், எலுமிச்சம்பழமும் வேணாம்."