வளைவில் வழுக்கிய ஆவி

அந்த வளைவில் ஆவி இருப்பது ஊருக்கே தெரியும். ஒரே மாதத்தில் பதினோரு ஸ்கூட்டர்களைச் சாய்த்த ஆவி! வழவழவென்று தேய்ந்த டயர், காதில் செருகிய போன், கண்மண் தெரியாத வேகம் எல்லாம் பாவம், நிரபராதிகள். நல்லவேளை, ஆவி பாஷை தெரிந்த ஒரு மகான் வளைவோரம் கூடாரம் போட்டிருந்தார். இடம் கொடுத்த புண்ணியவான் பக்கத்து லாரிக் கொட்டகை முதலாளி. வாடகைகூட வாங்கவில்லையாம். என்னே பக்தி!

கூட்டம் தெருமுனையைத் தாண்டி நின்றது. மகான் ரோட்டில் திசைகாட்டியை வைத்து, அதன்மேல் மோதிரம் போட்ட கையை வீசுவார். முள் தலைகால் புரியாமல் சுழலும். ஜனம் வாயைப் பிளக்கும். வண்டியில் ஒட்ட ஒரு மந்திரத் தகடு காசுக்குக் கைமாறும். தகடு ஒட்டிய வண்டியும் விழுந்தால்? "சந்தேகத்தோட ஓட்டியிருப்பே" என்பார். முடிந்தது விசாரணை.

அன்று முன்னால் நின்றவள் ஒரு தையல்காரி. அதே வளைவில் விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு. மூன்று வாரமாக மிஷின் மேல் போர்த்திய துணியை எடுக்கவில்லை. இடது கையில் போலீஸ் புகார் நகல், எக்ஸ்ரே, ஆஸ்பத்திரி சான்றிதழ்.

"இதையெல்லாம் எரிச்சிடும்மா" என்றார் மகான். "கேஸு, நஷ்டஈடுன்னு போனா ஆவிக்குக் கோபம் வரும். அடுத்தது இடது கை."

தையல்காரி காகிதங்களை நீட்டினாள். கூட வந்த தங்கை வெடுக்கென்று பிடுங்கினாள். அவள் ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் நர்ஸ்.

"பொறு அக்கா. சாமி, அந்த மோதிரத்தைக் கழட்டிட்டுக் கையை வீசுங்க."

"இது குரு குடுத்தது. கழட்டக் கூடாது."

"ஆவியோட பேசறது நீங்களா, மோதிரமா?"

கூட்டம் சிரித்தது. தகடு ஒட்டியும் இரண்டு முறை விழுந்த பால்காரர், "கழட்டுங்க சாமி, பாத்துடுவோம்" என்றார்.

வேறு வழியில்லாமல் கழற்றினார். கையை வீசினார். முள், சாப்பிட்டு முடித்த குமாஸ்தா மாதிரி அசையாமல் கிடந்தது. நர்ஸ் மோதிரத்தை எடுத்து மேலே காட்டினாள். முள் குதித்தது.

"காந்தம்" என்றாள். பையிலிருந்து வெள்ளைத் துணி எடுத்து ரோட்டைத் துடைத்தாள். கறுப்பாக வந்தது. "இங்க விழுந்து வர்ற ஒவ்வொருத்தர் உடுப்பிலயும் இதே டீசல் நாத்தம். ஆவி எந்த பங்க்குல டீசல் போடுது?"

ஈரத்தடத்தைப் பிடித்துக்கொண்டே போனார்கள். அது லாரிக் கொட்டகைக்குள் ஓட்டை விழுந்த டீசல் தொட்டியின் அடியில் போய் முடிந்தது. முதலாளி வாடகை ஏன் வாங்கவில்லை, மகான் காகிதத்தை ஏன் எரிக்கச் சொன்னார் என்பது அப்போதுதான் எல்லார் மண்டையிலும் ஏறியது. திரும்பிப் பார்த்தால் மகான் நழுவிக்கொண்டிருந்தார். ஸ்கூட்டரில் ஏறவில்லை. டீசல் இல்லாத ஓரமாகப் பார்த்து, பத்திரமாகத் தள்ளிக்கொண்டே போனார். அவருக்குத் தெரியாதா!

பால்காரர் தொட்டியைப் போட்டோ எடுத்தார். அக்காளும் தங்கையும் வழக்குப் போட்டார்கள். ஒரு வருஷம் இழுத்தடித்து, கொட்டகை முதலாளி நஷ்டஈடு கொடுத்தார். மணிக்கட்டுதான் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. ரவிக்கைக் கை வெட்டும்போது தங்கை துணியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சொன்ன பேச்சைக் கேட்டுக் காகிதத்தை எரித்தவர்கள் இன்றும் நகலுக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைகிறார்கள். பக்திமான்களே, அடுத்த தடவை விழுந்தால் முதலில் தரையைப் பாருங்கள். வானத்தை அப்புறம் பார்க்கலாம். அது எங்கேயும் ஓடிப்போகாது.