நாற்பது பாகத்தில் சைலஸ்

பசிபிக் கடல் நடுவே,
ஆழம் அளக்கும் கப்பலின் சமையற்கட்டு,
ஆகஸ்ட் 1874.

மதிப்பும் பாசமும் நிறைந்த அண்ணன் ஜேபஸ் அவர்களுக்குத் தம்பி எஸ்ரா தலைவணங்கி எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன். நியூலினில் நீங்களும் அண்ணியும் படகும் சௌக்கியமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன்.

அடுத்த வீட்டு டாம்சின் அத்தை மகன் சைலஸ் இறந்துபோனான். நயமாகச் சொல்ல வராமல் முதலிலேயே போட்டு உடைத்துவிட்டேன். அத்தைக்குப் படிக்கத் தெரியாது, நீங்கள்தான் போய் வாசித்துக் காட்ட வேண்டும்.

எங்கள் பிழைப்பு என்னவென்றால், விடிந்ததும் கயிற்றில் இரும்புக் குண்டைக் கட்டிக் கடலில் விடுவது, அது தரையைத் தொட்டதும் பொழுது சாயும்வரை இழுப்பது, இழுத்தால் ஒரு கை சேறு வரும், அதைப் பார்த்துப் பேராசிரியர் ஹாலிடே பேரன் பிறந்த மாதிரி குதிப்பார், என் சல்லடையைப் பிடுங்கிச் சேற்றைச் சலிப்பார், என் சூப்புப் பானையில் ஏதோ பிராணியின் எலும்பை வேகவைப்பார், கேட்டால் "எல்லாம் விஞ்ஞானத்துக்குத்தாம்பா" என்பார், அந்த விஞ்ஞானத்தை மறுநாள் நாங்கள் சூப்போடு குடிப்போம். ஒருநாள் குண்டோடு அனுப்பிய வெப்பமானி பொடிப்பொடியாக வந்தது. கீழே தண்ணீரின் பாரம் அப்படி. சைலஸ் அதைக் கையில் ஏந்திக்கொண்டு, "கண்ணாடிக்கே இந்தக் கதின்னா என் மண்டை என்னடா ஆகும்? நான் செத்தா கரையில பொதைங்க. இல்லேன்னா ஆழமில்லாத எடமாப் பாத்துப் போடுங்க" என்றான். "உன் மண்டைக்குள்ள நசுங்க என்ன இருக்கு?" என்று சிரித்தோம். அந்த வாரமே கயிறு அறுந்து, இரும்புக் கப்பி அவன் நெஞ்சில் அடித்தது. கப்டனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கண்ணை மூடினான்.

கரையோ வெகுதூரம், வெயிலோ கொளுத்துகிறது. மீன்களை ஊறப்போட வைத்திருக்கும் புதுச் சாராயப் பீப்பாயில் வைத்துக் கொண்டுபோகலாம் என்று பேராசிரியரே சொன்னார், தங்கமான மனிதர். திறந்தால் உள்ளே உப்புத் தண்ணீர். சாராயத்தை நாங்கள் எப்போதோ குடித்து முடித்திருந்தோம், அதில் பெரும்பங்கு சைலஸுடையது. (இதை மட்டும் அத்தைக்கு வாசிக்க வேண்டாம்.) கடைசியில் கப்டன் அங்கேயே அளக்கச் சொன்னார். நடுக்கடலில் ஆழம் குறைவாக இருக்கும் என்று எங்களுக்கு என்ன நம்பிக்கை? கயிறு நாற்பது பாகம், அதாவது நாற்பது ஆள் ஆழம், போனதும் அவரே அதைப் பிடித்துப் பார்த்து, "தொட்டுருச்சு! நிறுத்துங்கடா!" என்று கத்தினார். மண் அள்ளிவரும் குழாயைப் பேராசிரியர் தன் அறைக்குக் கொண்டுபோய்த் திறந்து, கைநிறைய வெள்ளை மணலோடு வந்து காட்டினார். நாங்கள் அத்தனை பேரும் வாய்விட்டு அழுதோம். "நம்ம வலை போற ஆழந்தாண்டா, நிம்மதியாத் தூங்கு" என்று சொல்லி இறக்கினோம்.

அத்தைக்கு என் ஆறுதலும், அண்ணிக்கு வணக்கமும், பிள்ளைகளுக்கு முத்தமும் சேரட்டும். கர்த்தர் உங்கள் வலைகளை நிரப்புவாராக.

இப்படிக்கு,
பணிவுள்ள தம்பி,
எஸ்ரா

பி.கு.: அண்ணா, இதை வாசித்துக் காட்டாதீர்கள். அடக்கம் முடிந்து சட்டி தேய்க்க வந்தேன். நம் கடற்கரையிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்த என் தேய்ப்பு மணலில் ஒரு பெரிய பள்ளம். பின்னாலேயே பேராசிரியர் வந்து நின்றார்.

"குண்டு தரையைத் தொடவே இல்லையா ஐயா?"

"இருக்குற கயித்தையெல்லாம் விட்டாலும் தொட்டிருக்காதுப்பா. பசங்க கிட்ட சொல்லிடாத."

நான் சொல்லவில்லை. அத்தை கேட்டால், மணல் நம் ஊர் மணல் மாதிரியே இருந்தது என்று சொல்லுங்கள். அதுவாவது பொய்யில்லை.