பொஸ்தோர்கை அணியின் கடைசி சீசன் குறித்துச் சம்பந்திக்கு ஒரு விளக்கம்

தாஸ்புலாக்,
அக்டோபர் 27

சாரிஜால் ஊரின் பெயர் பெற்ற குதிரை வளர்ப்பாளரும், என் மகளை மருமகளாக ஏற்கப் பெரிய மனது கொண்டவருமான மதிப்பிற்குரிய சம்பந்தி துய்சென்பெக் அவர்களுக்கு, ஓய்வுபெற்ற ரயில் நிலைய அதிகாரி ஒரின்பசார் தலைவணங்கி எழுதிக்கொள்வது. தங்கள் குதிரைகள் நலமா, ஆடுகள் நலமா, அந்தக் கறுப்பு ஒட்டகத்துக்கு இருமல் நின்றதா, சம்பந்தி அம்மாளும் நலமா? இங்கே எங்கள் ஒரே மாடும், மனைவி ரவ்ஷானும், மகள் கம்ஷாத்தும் இதே வரிசையில் நலம்.

நீங்கள் மூன்று முறை போன் செய்தும் நான் எடுக்கவில்லை. போனில் பேசினால் நீங்கள் இடையில் பேசுவீர்கள். கடிதத்தில் அந்தச் சிரமம் இல்லை என்பதால் எழுதுகிறேன். முதலில் நல்ல செய்தி: பொஸ்தோர்கை பெண்கள் கால்பந்து அணி கடந்த சனிக்கிழமையோடு ஒழிந்தது. கம்ஷாத்தின் கோல்கீப்பர் கையுறைகள் பெட்டியில் பூட்டப்பட்டு, சாவி ரவ்ஷானின் இடுப்பில் இருக்கிறது. கல்யாணம் நவம்பர் இருபது, பேசியபடி. இனி, நான் எதிரணிக் கோல் கம்பத்துக்குப் பின்னால் தொப்பியைக் கழற்றி ஆட்டிக் கத்தியதாக உங்கள் காதுக்கு எட்டிய செய்தி பற்றி. அது பொய். எதிரணிக் கம்பம் இல்லை, நம்முடைய கம்பம்.

மார்ச் மாதம் நிச்சயத்தன்று நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வேகவைத்த ஆட்டுத்தலையைத் தட்டில் வைத்து முதல் துண்டை நீங்கள்தான் அறுக்க வேண்டும் என்று மரியாதையாக உங்கள் முன்னால் நீட்டினேன். நீங்கள் கத்தியைத் தொடவில்லை. "கத்தி இருக்கட்டும் சம்பந்தி. மருமக இன்னும் எத்தனை நாளைக்கு அரைக்கால் சட்டையப் போட்டுக்கிட்டு ஊர் பார்க்கச் சேத்துல உருளப் போறா? முதல்ல அதைச் சொல்லுங்க" என்றீர்கள். தலை ஆறிக்கொண்டிருந்தது. உங்கள் பக்கத்து ஆட்கள் பதினோரு பேரும் என்னையே பார்த்தார்கள். ஒரு முழு அணி நமக்கு எதிரே நின்றால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. "இதுதான் கடைசி சீசன். மாவட்ட அலுவலகத்துலயே சொல்லிட்டாங்க, இலையுதிர் காலத்தோட அணியைக் கலைக்கிறாங்க. அதுக்கப்புறம் அவ கையுறையத் தொட்டா என் பேரு ஒரின்பசார் இல்ல" என்று வாக்குக் கொடுத்தேன். நீங்கள் கத்தியை எடுத்து ஆட்டின் காதை அறுத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்தீர்கள், எல்லாரும் சிரித்தார்கள். சமையலறையில் கம்ஷாத் மாவு தேய்த்துக்கொண்டிருந்த சத்தம் மட்டும் நின்றுபோயிருந்தது. மாப்பிள்ளை தவ்லெத் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சரி, சீசன் தானாக ஓடி முடிந்துவிடும், நமக்கென்ன வேலை என்று நிம்மதியாகத்தான் இருந்தேன். ஆனால் ஏப்ரலில் ஊருக்குள் ஒரு பேச்சு கிளம்பியது, முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் அலுவலகம் மனம் மாறி அணியை வைத்துக்கொள்ளுமாம் என்று. நான் சிரித்தேன், ஏனென்றால் இந்த அணி ஆறு வருடமாக எட்டாவது இடத்தைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. கடைசி சீசன் என்று தெரிந்ததும் இந்தப் பெண்களுக்கு என்ன வந்ததோ, ஜெயிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மே மாதத்தில் ஐந்தாவது இடம். உங்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதற்காகவே, சம்பந்தி, நான் மைதானத்துக்குப் போக ஆரம்பித்தேன், தோற்க வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொள்ள. அங்கே போய் உட்கார்ந்த பிறகுதான் சிக்கல் புரிந்தது. அணி தோற்க வேண்டுமானால் கோல் விழ வேண்டும், கோல் விழுந்தால் அது என் மகளைத் தாண்டித்தானே விழும்? என் மகளை ஒருத்தி ஏமாற்றிவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதை எந்த அப்பன் பார்த்துக்கொண்டிருப்பான்? ஆகவே தோற்கவும் வேண்டும், கோலும் விழக் கூடாது என்று வேண்டினேன். இப்படி வேண்டினால் கடவுளும்தான் என்ன செய்வார், பாதி ஆட்டங்களை டிராவாக்கிக் கொடுத்தார். அந்த ஆட்டங்களில் மூன்றில் மாப்பிள்ளையையும் பார்த்தேன். எங்கள் ஊர் மாடுகளுக்குத் தடுப்பூசி போட வந்ததாகச் சொன்னார். மைதானத்தில் மாடு எதுவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

ஜூன் மாதம் மாவட்டத் துணைத்தலைவர் நூர்கோஜா வீட்டில், நடக்கத் தொடங்கிய பேரன் தைமாஸுக்குக் கால்கயிறு வெட்டும் விழா வந்தது. குழந்தையின் கால்களைக் கட்டிய கயிற்றை யார் வெட்டுகிறார்களோ அவர்களைப் போலத்தானே குழந்தை நடக்கும் என்று, ஊரிலேயே வேகமாக ஓடும் மக்பாலை அழைத்து வரும்படி என்னிடம் சொன்னார் நூர்கோஜா. மக்பால் நம் அணியின் முன்கள ஆட்டக்காரி, மாகாணத்திலேயே அவளைத் துரத்திப் பிடித்தவர் கிடையாது. பிரச்சினை என்னவென்றால் அது ஞாயிற்றுக்கிழமை, அவளுக்கு ஏற்கனவே நான்கு வீட்டுக் கயிறுகள் இருந்தன. நான் போனபோது மூன்றாவது வீட்டில் உட்கார்ந்து இறைச்சி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், எழுந்திருக்கும் நிலையில் இல்லை. நேரமோ ஆகிவிட்டது. அதே அணிதானே, அதே சீருடைதானே, கால் என்றால் கால்தானே என்று வீட்டுக்குப் போய்க் கம்ஷாத்தைக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். "அப்பா, நான் ஓடவே மாட்டேன்ப்பா, நின்ன இடத்துலதான் நிப்பேன்" என்று வழியெல்லாம் சொன்னாள். "வாய மூடிக்கிட்டு வெட்டு" என்றேன். வெட்டினாள். குழந்தை மூன்று அடி நடந்தது, வாசல்படிக்கு வந்தது, நின்றது, இரண்டு கைகளையும் அகல விரித்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

ஒரு வாரம் கழித்து நூர்கோஜாவின் மனைவி ஸேரே போன் செய்தார். "அண்ணே, என்ன புள்ளையக் கூட்டியாந்தீங்க நீங்க? எங்க வீட்டுல ஒரு கதவு விடாம நடுவுல போயி நிக்கிறான் இவன். யாரையும் உள்ள விடமாட்டேங்குறான், வெளியவும் விடமாட்டேங்குறான். இன்னைக்குக் காலைல தாத்தாவ ஆபீசுக்கே போக விடல. ஆப்பிளக் கொடுத்தா வாங்க மாட்டேங்குறான், தூக்கிப் போட்டாத்தான் பாஞ்சு பிடிக்கிறான். இது ஓடுற புள்ளையா, கதவா?" மறுபடி கயிறு கட்டி மக்பாலை விட்டு வெட்டச் சொல்லலாமா என்று பெரியவர்களைக் கேட்டார்கள், ஒரு குழந்தைக்கு ஒரு தடவைதான் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். துணைத்தலைவருக்கே கோபம் வந்துவிட்டது, இனி இந்த அணி உருப்பட்ட மாதிரிதான் என்று நினைத்தேன். நடந்ததைக் கேளுங்கள். நூர்கோஜா அடுத்த ஆட்டத்துக்குப் பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். கம்ஷாத் ஒரு பந்தைப் பாய்ந்து பிடித்ததும் குழந்தை தாத்தாவின் காது இரண்டையும் பிடித்துக்கொண்டு குதித்தது. அதற்குப் பிறகு தாத்தா ஒரு ஆட்டத்தையும் விடவில்லை. புது வலை வந்தது, பேருந்துக்குப் புது டயர் வந்தது. செப்டம்பரில் நான்காவது இடம். உங்கள் பொருட்டு நான் பட்ட பாட்டை இங்கே எழுதி முடியாது.

கடைசி ஆட்டம் தெற்கத்தி அணியோடு. ஜெயித்தால் மூன்றாவது இடம். காற்று நாங்கள் வைத்திருந்த தேநீரையே கோப்பையிலிருந்து கொண்டுபோனது. ஆளுக்கொரு கோல் என்று இருக்கும்போது கடைசி நிமிடத்தில் அவர்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. உதைக்க வந்த பெண்ணை ஆட்டம் முழுக்கக் கவனித்திருந்தேன், அவள் எப்போதும் இடது பக்கம்தான். சம்பந்தி, உங்களிடம் மறைப்பானேன், அந்த நொடியில் எனக்கு வாக்கும் நினைவில்லை, கல்யாணமும் நினைவில்லை. தொப்பியைக் கழற்றி ஆட்டிக்கொண்டு கம்பத்துக்குப் பின்னாலிருந்து "இடது! கம்ஷாத், இடது!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவள் வலது பக்கம் பாய்ந்தாள். பந்தும் வலது பக்கம்தான் வந்தது. பிடித்துவிட்டாள். ஆட்டம் டிராவில் முடிந்தது, நான்காவது இடம், ஒரு புள்ளி குறைவு.

பெண்களின் அம்மாக்கள் எல்லாரும் பை நிறைய மிட்டாய் கொண்டுவந்திருந்தார்கள், சந்தோஷத்தில் வீசுவதற்காக. இப்போது வீசலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் ரவ்ஷான்தான், "கொண்டுவந்தத வீட்டுக்கா தூக்கிட்டுப் போறது?" என்று ஒரு கைப்பிடி வீசினாள். உடனே எல்லாரும் வீசினார்கள், எதிரணிப் பெண்களும் சேர்ந்து பொறுக்கினார்கள். நூர்கோஜா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்து, அணி பற்றிய கோப்பு மாகாண அலுவலகத்தில் ஜூலையிலேயே மூடப்பட்டுவிட்டது, மூன்றாவது வந்திருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது, பெண்களிடம் சொல்ல மனம் வரவில்லை என்றார். நான் ஆறு மாதமாகக் காத்திருந்த செய்தி அது. எனக்கு ஏதோ ஒரு சாவுச் செய்தி கேட்டது போல இருந்தது.

கம்ஷாத் கோலுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எந்திரிம்மா, வீட்டுக்குப் போலாம்."

"நீங்க இடதுன்னு கத்தினீங்கல்ல?"

"ஆமா. ஏன் வலதுல பாஞ்ச?"

"நீங்க சொன்னதுக்கு எதிர்ப்பக்கம் போயி நான் இதுவரைக்கும் ஒரு தடவகூட கெட்டுப்போனதில்லப்பா."

சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழ ஆரம்பித்தாள். ஐந்து வயதுக்குப் பிறகு அவள் என் முன்னால் அழுதது இதுதான் முதல் தடவை. நானும் அழுதேன். காற்று என்று சமாளித்தேன், ஆனால் காற்று அப்போது நின்றுவிட்டிருந்தது.

இருந்தாலும் வாக்கு வாக்குதான். கையுறை பெட்டிக்குள், பெட்டி கட்டிலுக்கடியில். இனிமேல் மைதானம் இருக்கும் தெருப்பக்கம்கூட நான் தலைவைத்துப் படுக்க மாட்டேன். தங்கள் கூடாரத்தின் உச்சி வளையம் என்றும் உயர்ந்திருக்கட்டும், அடுப்பு அணையாதிருக்கட்டும், பெட்டைக் குதிரைகள் இரட்டையாக ஈனட்டும். சம்பந்தி அம்மாளுக்கும், விசாரிக்கக் கூடிய நிலையில் இருந்தால் ஒட்டகத்துக்கும் எங்கள் அன்பைச் சொல்லவும்.

என்றும் தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட
ஒரின்பசார்

பின்குறிப்பு: இந்தப் பக்கத்தை மேலே வைத்து உங்கள் கையில் கொடுக்கும்படி ரயில் பெட்டிப் பணிப்பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன். ஆகவே அடியில் உள்ள பக்கங்களை நீங்கள் இன்னும் படிக்கவில்லை. படிக்கவும் வேண்டாம், அவை திங்கட்கிழமை எழுதியவை, இன்று வியாழன். குதிரைக்கறி அனுப்புகிறேன், ஸ்டேஷனுக்கு வாருங்கள் என்று நேற்று போனில் சொன்னேன் இல்லையா, அந்தப் பொட்டலம் உண்மைதான். ஆனால் அதோடு நாங்களும் வந்திருக்கிறோம். தெற்கத்தி அணியின் பயிற்சியாளர் அம்மாள் செவ்வாய்க்கிழமை போன் செய்து, வசந்தத்தில் தொடங்கும் சீசனுக்குக் கம்ஷாத் வேண்டும், இந்த வாரமே வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார். இந்தத் தடவை நான் அவளிடம் கேட்டேன், "உனக்கு என்னம்மா வேணும்?" என்று. அவள் பதில் சொல்வதற்குள் ரவ்ஷான் பெட்டியைத் திறந்துவிட்டாள். டிக்கெட் எடுத்தது நான்தான். வாக்குத் தவறியதும் நான்தான், மற்றவர் யார்மீதும் கோபப்பட வேண்டாம், மேல் படுக்கையில் தூங்குவது போல நடித்துக்கொண்டிருக்கும் உங்கள் மகன்மீதும் சேர்த்து. தெற்கே ஒரு குதிரைப் பண்ணையில் அவருக்கு வேலை கிடைத்திருக்கிறது. கல்யாணம் அதே நவம்பர் இருபதுதான், அன்று ஆட்டம் எதுவும் இல்லை, பட்டியலைப் பார்த்துவிட்டேன்.

வண்டி இங்கே ஆறு நிமிடம் நிற்கும். இதைப் படிப்பதிலேயே இரண்டு போயிருக்கும். ஐந்தாம் பெட்டியின் வாசலில் கம்ஷாத் மருமகள் முறைப்படி தலையில் வெள்ளைத் துணி போட்டுக்கொண்டு நிற்கிறாள், மாமனாருக்குத் தலைவணங்காமல் இந்த ஊரைத் தாண்ட மாட்டேன் என்கிறாள். நீங்கள் வராவிட்டாலும் அவள் போய்த்தான் ஆவாள், ஆனால் வழியெல்லாம் அழுவாள், அதை உட்கார்ந்து பார்க்க என்னால் முடியாது. வாருங்கள் சம்பந்தி. கோபத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு வாருங்கள், பரவாயில்லை. வாசலில் நிற்பவள் கோல்கீப்பர், எதை எறிந்தாலும் பிடித்துக்கொள்வாள்.