பத்து பிளேட்டுப் பருப்பு

கடிகாரம் என்பது வேலைவெட்டி இல்லாதவன் கண்டுபிடித்த சாமான் என்று என்னை நம்பவைத்த ஒரே மனிதர் பிளேட்டுக்காரர்தான். ஓசூரில் அவரோடு ஒரே வீட்டில் நான்கு வருஷம் குடியிருந்தேன். அந்த நான்கு வருஷத்தில் ஒருநாள்கூட அவர் வாயிலிருந்து மணிக்கணக்கு வந்ததில்லை. "ஆபீஸ் கிளம்ப நேரமாச்சாண்ணே?" என்று கேட்டால், "இன்னும் மூணு பிளேட்டு இருக்கு தம்பி, நிதானமாக் குளி" என்பார்.

பிளேட்டு என்றால் கிராமபோன் தட்டு. ஒரு பக்கம் மூன்று நிமிஷம் பாடும், பிறகு திருப்பிப் போட வேண்டும். மனிதர் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். மதுரைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தபோது ஒரு டிரங்குப் பெட்டியும், அதைவிடப் பெரியதாக ஊதுகுழல் வைத்த ஒரு கிராமபோனும் கொண்டுவந்தார். அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும்.

ஐம்பதுகளில் வந்த பாட்டுகளில் உங்களுக்குப் பிடித்த பத்தைப் பற்றி எழுதுங்கள் என்று இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் கேட்டார். உட்கார்ந்து யோசித்தேன். படத்தின் பெயரும் வரவில்லை, பாடியவர் பெயரும் வரவில்லை. ரசப் பாட்டு, களிப் பாட்டு, பருப்புப் பாட்டு என்றுதான் வருகிறது. குற்றம் என்னுடையது இல்லை. எங்கள் வீட்டில் சமையல் அவர் பொறுப்பு, சமையலுக்கு நேரம் பார்ப்பது கிராமபோன் பொறுப்பு.

ரசத்துக்கு ஒரே பிளேட்டு. கதாநாயகி மாடத்தில் நின்று பாடுகிற பாட்டு அது. குரல் மேலே போய் ஒரு இடத்தில் நின்று நடுங்கும். சரியாக அந்த நேரத்தில் ரசம் நுரை கட்டும். ராகிக் களிக்கு நாலு பிளேட்டு. அதில் கடைசியாகக் குதிரைவண்டிப் பாட்டு வந்தே ஆக வேண்டும், ஏனென்றால் துடுப்பைப் போட்டுக் கிளறுவதற்கு அந்தக் குளம்புச் சத்தம்தான் தாளம். சோற்றுக்கு ஆறு. துவரம்பருப்புக்குப் பத்து, ஐந்தாவதில் மஞ்சள்தூள், எட்டாவது சோகப் பாட்டு. அந்தச் சோகத்தைக் கேட்டால் எப்பேர்ப்பட்ட பருப்பும் இளகிவிடும் என்பது அவர் கட்சி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆபீஸ் பெரிய குமாஸ்தாவைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். பாவம், வயிற்றுக்கோளாறுக்காரர். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "என்ன சமையல்?" என்று மரியாதைக்குக் கேட்டார். உள்ளேயிருந்து பிளேட்டுக்காரர் உற்சாகமாகக் குரல் கொடுத்தார். "களி நாலு பிளேட்டு, ரசம் ஒரு பிளேட்டு, பருப்பு பத்து பிளேட்டுங்க! உக்காருங்க, ஒண்ணு விடாம முடிச்சிட்டுத்தான் எந்திரிக்கணும்!" பெரிய குமாஸ்தா மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டார். "பத்து பிளேட்டெல்லாம் நம்மால ஆவாதுப்பா" என்று சொல்லிவிட்டுப் போனவர், அப்புறம் ஒரு மாதம் என்னைப் பயந்துகொண்டுதான் பார்த்தார்.

கிராமபோனுக்குச் சாவி கொடுக்க மறந்தால் வேகம் குறையும். கதாநாயகி மெல்ல மெல்லக் கதாநாயகனாகி, கடைசியில் வில்லனாகிவிடுவாள். அன்றைக்குச் சோறு குழைந்தது என்று அர்த்தம். கிராமபோன் முள் தீர்ந்துபோன ஒரு வாரம், ஆஸ்பத்திரியிலிருந்து கழித்துப்போட்ட மாட்டு ஊசியைக் கொண்டுவந்து மாட்டினார். பாட்டா, ஊசி போட்ட எருமையா என்று தெரியாத ஒரு சத்தத்தில் நாங்கள் அந்த வாரம் முழுதும் சமைத்துச் சாப்பிட்டோம்.

அவருக்கு ஒரு வைராக்கியம் உண்டு. ஓடுகிற பாட்டை நடுவில் நிறுத்தக் கூடாது. பிதுக்கம்பருப்புச் சீசனில் ஒருநாள், மொச்சையை ஊறவைத்து, பிதுக்கித் தோலெடுத்து, ஆசை ஆசையாகக் குழம்பு வைத்தார். கடைசிப் பிளேட்டில் கீறல். "வா வா வா வா" என்று அதே இடத்தில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. இவர் கரண்டியோடு அடுப்பு முன்னால் நிற்கிறார்.

"அண்ணே, கீறல் விழுந்திருக்கு. இறக்கிடுங்க."

"பாட்டு முடியலையேய்யா!"

"அது எங்கண்ணே முடியும்?"

"வான்னு கூப்பிடுறவளை நடுவுல வெட்டி விடுறது மனுஷன் செய்ற வேலையா? அதுவா தாண்டட்டும்."

அது தாண்டவில்லை. அன்று நாங்கள் பிதுக்கம்பருப்பு அல்வா சாப்பிட்டோம்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயமாக இருந்தாலும், எனக்கு உள்ளுக்குள் உதைப்புதான். காரணம் வீடு. அந்த நாளில் ஓசூரில் கல்யாணமாகாத ஆண்களுக்கு யாரும் வீடு தரமாட்டார்கள். நானும், சர்வே ஆபீஸில் இருந்த தங்கவேலுவும், தெருத்தெருவாக அலைந்து கடைசியில் பிடித்த வீடு அது. பின்கட்டு எங்களுக்கு, முன்கட்டில் வீட்டுக்காரி கௌரம்மா. ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரர், கணவரை இழந்து தனியாக இருந்தார். சுத்த சைவம். வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் நுழையக் கூடாது, சத்தம் கூடாது என்ற இரண்டு நிபந்தனையோடுதான் வீடு கொடுத்தார். அவருக்குத் தமிழ் அரைகுறை. எங்களுக்குக் கன்னடம் அதிலும் பாதி. தங்கவேலு அஞ்செட்டிக்காரன், அவனுக்கு மட்டும் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு.

பிளேட்டுக்காரர் வந்து சேர்ந்த முதல் வாரமே சுவர் பேச ஆரம்பித்தது. பருப்பின் ஒன்பதாவது பிளேட்டு ஒரு தாலாட்டு. அது முடிந்ததும் முன்கட்டிலிருந்து சுவரில் டொக், டொக் என்று இரண்டு தட்டு. எனக்கு உயிர் போய்விடும். "அண்ணே, அந்தம்மா கோவிக்கிறாங்க, சத்தத்தைக் குறைங்க" என்று கெஞ்சுவேன். அவர் குழலின் வாயில் துண்டைத் திணிப்பார். மறுநாள் தட்டு இன்னும் பலமாக விழும். துண்டோடு என் வேட்டியும் உள்ளே போகும். கடைசியில் தாலாட்டு வருகிற நேரத்தில் போர்வையைப் போட்டுக் கிராமபோனையே மூடிவிடுவோம்; உள்ளிருந்து யாரோ கிணற்றில் விழுந்து அழுகிற மாதிரி கேட்கும்.

அந்தச் சமயத்தில்தான் தங்கவேலு அந்தச் செய்தியைக் கொண்டுவந்தான். "ஆனேக்கல்ல இருந்து கௌரம்மாவோட அண்ணன் வர்றாராம்ப்பா. ஒண்டிக்கட்டைங்களுக்கு என்னாத்துக்கு வீடுன்னு ஒரே சண்டையாம். ஞாயித்துக்கிழமை வந்து பாத்துட்டு, சரியில்லன்னா நம்மள அன்னிக்கே காலி பண்ண வெச்சிருவாராம்." சொல்லிவிட்டு அவன் நாட்றாம்பாளையம் மலைக்கு அளவு வேலைக்குப் போய்விட்டான். கன்னடம் தெரிந்த ஒரே ஆள் போனான்.

சனிக்கிழமை காலை. கிணற்றடியில் பிளேட்டுக்காரர் பல் விளக்கிக்கொண்டிருந்தார். கௌரம்மா குடத்தோடு வந்து, சிரித்த முகமாக அவரிடம் சொன்னார்:

"நாளெ நம்மண்ண பர்த்தானே. ஒந்து ஒள்ளே ஆடு ஆக்கப்பா."

பிளேட்டுக்காரர் வாயில் பல்பொடியோடு ஓடி வந்தார். "தம்பி! பொழச்சோம்! நாளைக்கு அவங்க அண்ணன் வர்றாராம். ஒரு நல்ல ஆடு ஆக்கச் சொல்றாங்கய்யா!"

"ஆடா? அவங்க சைவமாச்சே!"

"அவங்க சைவம். அண்ணன்காரன் வெளியூர்ல எப்பிடியோ? அதான் தன் வீட்டு அடுப்புல வைக்காம நம்மகிட்டச் சொல்றாங்க. என் காதால கேட்டேன். ஒள்ளேன்னா நல்ல. ஆடுன்னா ஆடு. ஆக்குன்னா ஆக்கு. இதுல கன்னடம் எங்க இருக்கு?"

எனக்கும் சரியாகத்தான் பட்டது.

கால்நடைத்துறை ஆளிடம் நல்ல ஆடு கேட்டால் சும்மா விடுவாரா? சந்தைக்குப் போய் ஒவ்வொரு ஆட்டுக்கும் பல்லைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், நெஞ்சில் காதை வைத்து மூச்சுக் கேட்டார். ஒரு கறுப்பு ஆட்டுக்கு இருமல் என்று சொல்லி விற்க வந்தவனுக்கே மருந்து எழுதிக் கொடுத்தார். கடைசியில் வெள்ளைக் காது வைத்த ஒரு கிடாயைப் பிடித்துவந்து, ஞாயிறு காலை பின்கட்டு முருங்கை மரத்தில் கட்டினார். அறுக்கிற ஆள் பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். நான் அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தேன். கறிக்கு எத்தனை பிளேட்டு என்று இவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்கே அண்ணன் வந்துவிட்டார். நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் லிங்கம், கையில் குடை. கூடவே கௌரம்மா, முகமெல்லாம் பெருமையோடு.

"எல்லப்பா ஆடு?" என்றார் கௌரம்மா.

"இந்தா நிக்குதே!"

அண்ணன் ஆட்டைப் பார்த்தார். ஆடு அண்ணனைப் பார்த்து 'ம்மே' என்றது. கௌரம்மா பதறிப்போய், "ஏய், இதல்லப்பா, ஆடு! ஆடு! கிவி, கிவி!" என்று தன் காதைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். பிளேட்டுக்காரர் ஆட்டின் காதைப் பிடித்து விரித்துக் காட்டினார். "காதுக்கு ஒரு குறையும் இல்லம்மா. சீழ் இல்ல, உண்ணி இல்ல. நானே பாத்துத்தான் பிடிச்சேன்."

அண்ணன் மசாலாவைப் பார்த்தார், அம்மியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குடையை ஓங்கிக்கொண்டு ஒரு கத்தல். "மனெ காலி மாடி!"

பிளேட்டுக்காரர் என் பக்கம் திரும்பி, "மாடி காலியா இருக்காமே தம்பி? இந்த வீட்ல மாடியே கிடையாதே!" என்றார்.

நல்லவேளை, அந்த நேரத்தில் தங்கவேலு மூட்டையோடு மலையிலிருந்து வந்து நுழைந்தான். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அவனிடம் முறையிட்டது. கேட்டுக்கொண்டே இருந்தவன் மூட்டையைக் கீழே போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

"அய்யோ கம்பவுண்டரே! கன்னடத்துல ஹாடுன்னா பாட்டுய்யா! ஹாக்குன்னா போடு! காலி மாடின்னா காலி பண்ணு! இவங்க ஊர்ப் பக்கம் 'ஹா'வை முழுங்கிட்டுப் பேசுவாங்க. நல்ல பாட்டு ஒண்ணு போடப்பான்னு சொல்லியிருக்காங்க. நீ ஆட்டைப் புடிச்சாந்து நிக்கிறியே!"

பிளேட்டுக்காரர் முகம் சுண்டிப்போயிற்று. அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை. உள்ளே போய், குழலிலிருந்து துண்டையும் என் வேட்டியையும் உருவிப் போட்டுவிட்டு, சாவி கொடுத்து, தாலாட்டை வைத்தார். வீடு எப்படியும் போகப்போகிறது, பாட்டாவது முழுசாகக் கேட்கட்டும் என்று நினைத்தார் போலிருக்கிறது.

பாட்டு முடிகிறவரை யாரும் அசையவில்லை. முடிந்ததும் கௌரம்மா எங்கள் சுவருக்குப் பக்கத்தில் போய், கைமுட்டியால் இரண்டு தட்டு தட்டினார். பிறகு தங்கவேலுவிடம் கன்னடத்தில் நிறையப் பேசினார். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னான்.

"ரெண்டு தட்டுன்னா இன்னொருக்கா போடுன்னு அர்த்தமாம். நாலு மாசமாத் தட்டுறாங்களாம். தட்டத் தட்ட நீங்க சத்தத்தைக் குறைச்சிட்டே போறீங்களாம்."

அண்ணன் விடவில்லை. ஆட்டைக் காட்டி மறுபடி ஏதோ கத்தினார். கௌரம்மா திரும்பி நின்று அவருக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். அண்ணன் குடையை இறக்கிவிட்டார். அந்த வாக்கியத்தைத் தங்கவேலு அப்புறம் எங்களுக்குத் தமிழில் சொன்னான்: "இவங்க போயிட்டா, என் சோறு வெந்துருச்சின்னு எனக்கு யாருண்ணா சொல்லுவாங்க?" தனியாளுக்கு என்ன சமையல் என்று ஒருவேளைச் சோற்றோடு இருந்தவர், இந்தப் பாட்டுச் சத்தம் வந்த பிறகுதான் இரண்டு வேளையும் உலை வைத்தாராம். சாறு என்று அவர் சொல்கிற ரசத்துக்கும் ஒரே பிளேட்டுதானாம்.

அறுக்க வந்தவனைப் பிளேட்டுக்காரர் வாசலோடு திருப்பி அனுப்பினார். ஆடு தங்கிவிட்டது. ஹாடு என்றே அதற்குப் பெயர் வைத்தோம். கௌரம்மா கூப்பிட்டால் மட்டும் அது ஆடு.

மூன்றரை வருஷம் கழித்து பிளேட்டுக்காரருக்குத் திருநெல்வேலிப் பக்கம் மாற்றல் வந்தது. ஒரு கையில் டிரங்குப் பெட்டி, ஒரு கையில் ஆட்டுக் கயிறு என்று பஸ்ஸுக்கு நின்றார். "கிராமபோன் எங்கண்ணே?" என்றேன். "அது பின்னால லாரியில வருது தம்பி" என்று எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

அன்று சாயங்காலம் நானும் தங்கவேலுவும் பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு, எப்போது இறக்குவது என்று தெரியாமல் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. மூன்று பேர் சாப்பிடுகிற பாத்திரத்தில் இரண்டு பேருக்கான பருப்பு வைத்தது வேறு மனசுக்குச் சங்கடமாக இருந்தது. அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் கரகரவென்று சாவி கொடுக்கிற சத்தம். பருப்பின் முதல் பிளேட்டு ஆரம்பித்தது.

ஆசிரியருக்குப் பத்துப் பாட்டு வேண்டுமாம். என்னிடம் அந்தப் பத்துதான் இருக்கிறது. அன்று பிளேட்டுக்காரர் இல்லாமல் வரிசை மாறாமல் கேட்ட அந்தப் பத்து. ஒன்பதாவது முடிந்ததும் நான் எழுந்துபோய், அந்த மனுஷனுக்காகச் சுவரில் இரண்டு தட்டு தட்டினேன்.